பழைய ஆல்பங்களைக் கதையோடு சேர்த்து ஸ்கேன் செய்த வேலைக் குறிப்புகள்

எங்கள் குடும்பத்து ஆல்பங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு படத்தின் கதையையும் அந்தக் கோப்புக்குள்ளேயே தமிழில் எழுதி வைக்கும் வேலை ஒருவழியாக முடிந்தது. இப்போது எந்தப் படத்தைத் திறந்தாலும் அதில் யார் இருக்கிறார்கள், எடுத்தது யார், அன்றைக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் கூடவே வருகிறது. பெரியவர்கள் சொன்ன குரல் பதிவும் அதே எண்ணில் பக்கத்தில் இருக்கிறது. இதேபோல் ஓர் ஆல்பத்தை அலமாரியில் வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று யோசிப்பவர்களுக்காக, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கையில் இருந்தவை: கறுப்பு அட்டையில் மூலைகளைச் செருகி வைத்த பழைய ஆல்பம் ஒன்று, பசை வரி போட்ட பக்கத்தின்மேல் பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பங்கள் சில, ஒரு தகரப் பெட்டி நிறைய நெகட்டிவ் துண்டுகள், சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன படங்கள். மொத்தம் அறுநூறு பிரிண்டுக்குக் கொஞ்சம் மேல்.

கருவிகள் பெரிதாக ஒன்றும் இல்லை. நெகட்டிவுக்கான மேல்விளக்கு உள்ள ஏ4 ஸ்கேனர், கையால் அழுத்திக் காற்றடிக்கும் ரப்பர் புளோயர், மைக்ரோஃபைபர் துணி, மெழுகு பூசாத டென்டல் ஃப்ளாஸ், மெல்லிய தட்டைக் கத்தி, நைட்ரைல் கையுறை, ஒரு கறுப்பு அட்டை, கைபேசி, டேப்லெட். துணிக் கையுறையை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். பிடி வழுக்குகிறது, நூலிழை வேறு படத்தில் ஒட்டுகிறது.

பிரிப்பதற்கு முன்

முதல் வேலை ஸ்கேனருக்கு இல்லை, கைபேசிக்குத்தான். ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் பிரிக்காமல் அப்படியே மேலிருந்து எடுத்துக்கொண்டேன். ஒட்டியவர் ஏதோ ஒரு கணக்கில்தான் ஒட்டியிருப்பார். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதும் ஒரு தகவல். பிரித்த பிறகு அது திரும்பக் கிடைக்காது. விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்தால் பிளாஸ்டிக் தாளின் பளபளப்பு பெரும்பாலும் போய்விடும். அந்தப் படங்களைப் பார்த்தே எண் கொடுத்தேன்: ஆல்பத்துக்கு ஓர் எழுத்து, பிறகு பக்கம், பிறகு பக்கத்தில் அந்தப் படத்தின் வரிசை. இ-12-3 என்றால் இ ஆல்பம், 12-ஆம் பக்கம், மூன்றாவது படம். கடைசிவரை இந்த எண்தான் எல்லாவற்றையும் கோத்துப் பிடித்தது.

பசை ஆல்பங்கள்தான் தலைவலி. பல வருடத்தில் பசை மஞ்சளாகி இறுகியிருக்கும். மேல் தாளை உயரத் தூக்கி இழுக்காமல், தன்மேலேயே மடிந்து வரும்படி தாழ்வாக உரிக்க வேண்டும். அப்புறம் ஃப்ளாஸ் நூலைப் படத்தின் ஒரு மூலைக்குக் கீழே நுழைத்து, இரண்டு கையாலும் மாறி மாறி இழுத்தபடி மெதுவாக மறு மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். மெழுகு பூசிய ஃப்ளாஸ் என்றால் மெழுகு படத்தின் பின்னால் தங்கிவிடும். படம் வளையவே கூடாது, மேலே இருக்கும் ஜெலட்டின் அடுக்கில் கீறல் விழும். எவ்வளவு வேண்டுமானாலும் பக்கத்தை வளைக்கலாம், அது எப்படியும் குப்பைக்குப் போகிற பக்கம்தான்.

வேண்டாத நகல் ஒன்றில் ஹேர் டிரையரைக் காட்டிப் பார்த்தேன். பசை இளகியது உண்மை. படமும் சுருண்டது, மேல்பரப்பு பிசுபிசுத்தது. அதோடு விட்டுவிட்டேன். எதற்கும் மசியாத பக்கங்களைக் காற்று நீக்கிய பையில் போட்டுச் சில நிமிடம் ஃப்ரீஸரில் வைத்தால் பசை நொறுங்கும் பதத்துக்கு வருகிறது, கத்தி சுலபமாக உள்ளே போகிறது. ஆனால் பையிலிருந்து எடுத்த உடனே மேலே ஈரம் பூக்கத் தொடங்கும். ஈரம் வற்றும்வரை காத்திருந்தால் பசை மறுபடி இளகிவிடும். இந்த இழுபறிக்கு நடுவில் வேலை செய்யத் துணிவு வேண்டும். வேறு வழியே இல்லாதவற்றுக்கு மட்டும் இதைச் செய்தேன். அதற்கும் வராத சிலவற்றைப் பக்கத்தோடேயே ஸ்கேன் செய்தாயிற்று.

கண்ணாடியில் ஒட்டியவற்றைப் பிரிக்க முயலவே இல்லை. சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு ஸ்கேனர்மேல் வைத்தேன். இங்கே ஸ்கேனர் வகை முக்கியம். சிஐஎஸ் வகை மெலிந்த ஸ்கேனர்களில், தளத்துக்கு 2 மில்லிமீட்டர் மேலே இருக்கும் படம்கூட மங்கிவிடும். சிசிடி வகையில் கொஞ்சம் ஆழம் தெரியும், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதும் துலக்கமாக வரும்.

ஸ்கேன்

பிரிண்டுகளுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பு. 4×6 அங்குலப் படம் 2400×3600 புள்ளிகளாக வரும், கோப்பு சுமார் 26 எம்பி. பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்கு மட்டும் 1200. ஏ4 தளத்தில் பழைய 3.5×5 அளவு என்றால் நான்கு வைக்கலாம். 4×6 என்றால் மூன்றுதான்: இரண்டை நிமிர்த்தியும் ஒன்றைப் படுக்கையாகவும். ஸ்கேனர் மென்பொருளின் தானியங்கி நிறத் திருத்தம், கூர்மையூட்டல் இரண்டையும் அணைத்துவிட வேண்டும். பின்னால் பேனாவால் எழுதிய படங்கள் என்றால் மேலே கறுப்பு அட்டையை வைத்து மூட வேண்டும். மூடியின் வெள்ளைப் பரப்பு பின்பக்க எழுத்தை முன்னால் ஊடுருவிக் காட்டும். பின்பக்கத்தில் ஏதாவது எழுத்தோ முத்திரையோ இருந்தால் அதையும் தனியாக ஸ்கேன் செய்தேன்.

மேல்பரப்பில் தேன்கூடு மாதிரி சொரசொரப்பு உள்ள பிரிண்டுகளில் அந்தச் சொரசொரப்பே புள்ளி புள்ளியாகப் பதிவாகும். ஸ்கேனர் விளக்கு ஒரே திசையிலிருந்து வருவதால் ஏற்படும் நிழல் அது. படத்தை 180 பாகை திருப்பி மறுபடி ஸ்கேன் செய்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுத்தால் நிழல்கள் பெருமளவு ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பொறுமையைச் சோதிக்கும் வேலை. முகம் பெரிதாகத் தெரிகிற படங்களுக்கு மட்டும் செய்தேன்.

1970-களின் வண்ணப் பிரிண்டுகள் பல சிவந்துபோயிருந்தன. வெளிச்சமே படாமல் இருட்டில் கிடந்தாலும் அந்தக் காலத்துத் தாளில் சியான் சாயம் மங்கிவிடும், சிவப்பு மட்டும் தங்கும். படத் திருத்த மென்பொருளின் லெவல்ஸ் வசதியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து இரு முனைகளையும் இழுத்துவிட்டால் நிறம் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. இதெல்லாம் நகலில் மட்டும். மூல டிஃப்பைத் தொடுவதில்லை.

நெகட்டிவ் பெட்டி

பிரிண்ட் இருக்கும்போது நெகட்டிவ் எதற்கு என்றுதான் நினைத்தேன். சுவாரசியமே அந்தத் தகரப் பெட்டியில்தான் இருந்தது.

ஆல்பத்துக்குப் போனது, கழுவி வந்ததில் யாரோ தேர்ந்தெடுத்த படங்கள். நெகட்டிவில் அன்றைக்கு எடுத்த எல்லாமே இருக்கும், அதுவும் எடுத்த வரிசையில். 35 மில்லிமீட்டர் படச்சுருளின் ஓரத்தில் 21, 21ஏ, 22, 22ஏ என்று எண் ஓடும். வெட்டித் துண்டு துண்டாகக் கிடந்தாலும் எண்ணை வைத்து வரிசைப்படுத்திவிடலாம். ஒரே ரோலைச் சேர்ந்தவைதானா என்பதை ஓரத்தில் அச்சான ஃபிலிம் பெயரும், அடுத்தடுத்த படங்களில் இருக்கும் ஆட்களின் உடையும் சொல்லிவிடும்.

நடைமுறைக் குறிப்புகள் கொஞ்சம். ஒரு நெகட்டிவ் சட்டகம், அதாவது ஒரு படம் பதிந்த கட்டம், 24×36 மில்லிமீட்டர்தான், அதனால் 3200 டிபிஐ வைத்தேன். ஃபிலிமின் மங்கலான பக்கம் எமல்ஷன், அதாவது படம் பதிந்திருக்கும் பூச்சு. எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று ஸ்கேனருக்கு ஸ்கேனர் மாறும். இடம் வலம் மாறிவிட்டதா என்பதைச் சட்டைப் பொத்தான், கைக்கடிகாரம், பின்னால் தெரியும் பெயர்ப்பலகை ஆகியவற்றை வைத்துச் சரிபார்க்கலாம். ஃபிலிம் நேராகக் கண்ணாடியில் பட்டால் வானவில் வளையங்கள் வரும், தாங்கியில்தான் வைக்க வேண்டும். வண்ண நெகட்டிவுக்கு அகச்சிவப்புத் தூசி நீக்கம் அருமையாக வேலை செய்கிறது. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் அதை அணைத்துவிட வேண்டும்: அதில் இருக்கும் வெள்ளி அகச்சிவப்பைத் தடுப்பதால் படத்தையே தூசி என்று எண்ணி மென்பொருள் அழிக்கப் பார்க்கும். வினிகர் வாடை அடித்த துண்டுகளை உடனே தனியாக எடுத்து வைத்தேன். ஃபிலிமின் அடித்தளமான அசிடேட் சிதையத் தொடங்கியதற்கு அறிகுறி அது, பக்கத்தில் உள்ளதையும் கெடுக்கும்.

இனி அந்தச் சுவாரசியம். ஆல்பத்தில் ஒரு குடும்பப் படம்: வாசல்படியில் எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள். இடது ஓரத்தில் பெரியப்பா, முகம் பாதி கலங்கி, ஒரு காலில் மட்டும் செருப்போடு. ‘அவர் எங்கே ஒரு இடத்தில் நின்றார்’ என்று இத்தனை வருடமும் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். நெகட்டிவில் அது 23-ஆம் சட்டகம். 21-இல் எல்லோரும் தயாராக நிற்கிறார்கள், இடது ஓரம் காலி, கேமராவுக்கு முன்னால் ஓடுகிற ஒரு முதுகு. 22-இல் பெரியப்பா தரையில் கிடக்கிறார், எல்லோரும் அவர் பக்கம் திரும்பிவிட்டார்கள், சித்தி வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார். 23-இல் ஒரு செருப்பு இல்லாமல் வந்து சேர்ந்துவிட்டார். 24-இல் கூரை விளிம்பும் வானமும் மட்டும்.

டைமர்தான். அந்தக் கேமராக்களில் சுமார் 10 விநாடி கிடைக்கும். கேமராவை ஸ்டூலில் வைத்து, பொத்தானை அழுத்திவிட்டு ஓடியிருக்கிறார். நான்கையும் வரிசையாக டேப்லெட்டில் காட்டியபோது பெரியம்மா சொன்னது: “ஸ்டூல் கால் ஆடுதுன்னு என் கணக்கு நோட்டை மடிச்சு அடியில வெச்சாரு. வேணாங்க, விழுந்துடும்னு சொன்னேன். கேட்டாத்தானே!” 24-ஆம் சட்டகம் ஸ்டூல் சாய்ந்தபோது பதிவானது. கேமரா இன்னும் வீட்டில் இருக்கிறது, அதன் மூலையில் ஒரு நசுங்கல் உண்டு. அது எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது.

இதற்கு அப்புறம் ஆல்பத்தில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் முந்தைய, பிந்தைய சட்டகத்தைத் தேடுவதே வேலையாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றில் நல்ல கதை பெரும்பாலும் பிரிண்ட் போடாத சட்டகத்தில்தான் இருந்தது: கண் மூடியவை, ஆடியவை, யாரோ குறுக்கே நடந்தவை.

படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத் தேதி விழும் ரோல்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு ரோலில் எல்லாம் ’87 1 1, ’87 1 2 என்று இருந்தன. படத்தில் இருக்கும் பிள்ளைகளோ அப்போது பிறக்கவே இல்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பல கேமராக்களில் தேதி ஆரம்பப் புள்ளிக்குத் திரும்பிவிடும். யாரும் மறுபடி சரிசெய்வதில்லை. தூக்கிப் போடவிருந்தேன். பிறகுதான் கவனித்தேன்: தேதி தப்பாக இருந்தாலும் உள்ளே கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. முதல் படத்துக்கும் ஆறாவது படத்துக்கும் ஒரு நாள் இடைவெளி என்றால் அது நிஜமான ஒரு நாள். ஏதாவது ஒரு படத்தின் தேதி வேறு வழியில் தெரிந்துவிட்டால் அந்த ரோல் முழுவதையும் நகர்த்திக்கொள்ளலாம்.

குரல்

கதை கேட்பதை ஸ்கேன் முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம். ஸ்கேன் நீண்டுகொண்டே போனது. கதை கேட்க உட்கார்ந்தபோது அத்தைக்குக் கண் வெகுவாக மங்கியிருந்தது. சின்னப் பிரிண்ட் தெரியவில்லை, டேப்லெட்டில் பெரிதாக்கினாலும் உருவம்தான் தெரிகிறது, முகம் தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் படத்தை நான் வாயால் சொல்ல ஆரம்பித்தேன். “அத்தை, நாலு பேர் நிக்கறாங்க. பின்னாடி ஒரு சைக்கிள். நீங்க சிவப்புப் பாவாடை.” உடனே வந்தது: “சிவப்பு இல்லடா, அரக்கு. அந்த சைக்கிள் நம்மளது இல்ல, இரவல். அதை எடுத்துட்டுப் போய்த்தான் உங்கப்பா மாட்டிக்கிட்டான்.” அப்பா மாட்டிக்கொண்ட கதை அங்கிருந்து தொடங்கியது. கண் நன்றாகத் தெரிந்த மற்றவர்களிடம் ‘இது யார்?’ என்று கேட்டு வெறும் பெயர்ப் பட்டியல்தான் வாங்கியிருந்தேன். நான் தப்பும் தவறுமாக வர்ணிக்க வர்ணிக்க, திருத்துவதற்காகவே அத்தை பேசினார். பிறகு கண் தெரிந்தவர்களிடமும் இதையே செய்தேன். ஆல்பத்தை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு முதலில் நான் சொல்வேன், பிறகுதான் காட்டுவேன்.

கேள்விகளில் எனக்குப் பலன் தந்தவை மூன்று: எடுத்தது யார், இதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது, ஓரத்தில் தெரிகிற இந்தப் பொருள் யாருடையது. முகத்தைக் காட்டிக் கேட்டால் பெயரும் உறவும் வரும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். அரைகுறையாகத் தெரிகிற சைக்கிளையோ தண்ணீர்க் குடத்தையோ காட்டினால் கதை வருகிறது. எடுத்தவர் யார் என்ற கேள்வியில் இன்னொன்றும் வெளிப்பட்டது. ஓர் ஆல்பத்தில் சித்தி ஒரு படத்தில்கூட இல்லை. ஏதோ கோபமாக இருக்கும் என்றே நினைத்திருந்தோம். அந்த ரோல்களை எடுத்ததே அவர்தான். பல படங்களில் தரையில் நீளும் நிழலைப் பார்த்தால், இரண்டு முழங்கையும் வெளியே விரிந்த ஒரே உருவம்.

பதிவுக்குக் கைபேசியே போதும். மேசைமேல் நேராக வைக்காமல் மடித்த துண்டின்மேல் வைத்தால் மேசையைத் தட்டும் சத்தம் ஏறாது. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் மணிக்கு 350 எம்பிக்குள் அடங்கும். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் எண்ணை உரக்கச் சொல்லிவிட வேண்டும். “இ பன்னிரண்டு மூன்று” என்று சொன்னதால்தான் பிறகு வெட்டிப் பிரிக்க முடிந்தது. பெரியவர்கள் இருவரைச் சேர்த்து உட்காரவைத்தால் ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக்கொடுப்பார், ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஆளுக்கு ஒரு கைபேசியை எதிரே வைத்தேன், ஓரளவு பிரிந்தது. குரலை எழுத்தாக்கும் செயலிகளுக்கு இந்தப் பேச்சு பிடிபடவில்லை. நானே கேட்டுச் சுருக்கி எழுதினேன், நல்ல வாக்கியங்களை மட்டும் அப்படியே. சில கதைகளைச் சொல்லிவிட்டு “இதை எழுதாதே” என்றார்கள். அவற்றை வெட்டி எடுத்து அவர்களிடமே கொடுத்துவிட்டேன்.

ஜூன் மாதம், சனிக்கிழமை

அதிகச் சண்டை நடந்த படம் இது. சித்தி இடுப்பில் ஒரு குழந்தை, இரண்டு வயது இருக்கும், ஒட்ட வெட்டிய முடி. பின் சுவரில் மாதக் காலண்டர். வருடம் சித்தியின் தலைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது.

அத்தை சொன்னது: குழந்தை சின்னவன், பொத்தானை விழுங்கி வீட்டையே அலறவைத்த நாள், மருத்துவரிடம் காட்டி ஒன்றும் ஆகவில்லை என்று திரும்பியதும் எடுத்த படம். விவரமாக, ஒரு வார்த்தை தடுக்காமல் சொன்னார்.

1200 டிபிஐயில் சுவரை மட்டும் ஸ்கேன் செய்தேன். மாதத்தின் பெயர் ஜூன் என்று படிக்க முடிந்தது, முதல் தேதி சனிக்கிழமைக் கட்டத்தில் இருந்தது. ஜூன் 1 சனிக்கிழமையில் வரும் வருடங்கள் அந்தக் காலத்தில் 1974, 1985, 1991, 1996. லீப் வருடம் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து 5, 6, 11 என்று இடைவெளி மாறும். சின்னவன் பிறந்தது 1989, 1991 ஜூனில் இரண்டு வயது. கணக்கு அத்தை பக்கம் போனது. ஆனால் பெரியவள் பிறந்தது 1983, 1985 ஜூனில் அவளுக்கும் இரண்டு வயது. காலண்டர் இருவருக்கும் பொருந்தியது.

முடிவு சொன்னது நெகட்டிவின் ஓரம்தான். அதில் சக்குரா என்று இருந்தது. அந்தப் பெயரில் ஃபிலிம் தயாரித்த ஜப்பானிய நிறுவனமான கொனிஷிரோக்கு 1987-இல் கொனிக்கா என்று பெயரை மாற்றிக்கொண்டது, ஃபிலிமும் பிறகு அந்தப் பெயரில்தான் வந்தது. 1991-இல் சக்குரா ரோல் கேமராவுக்குள் இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அப்படியானால் 1985, குழந்தை பெரியவள்.

சித்தியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “பொத்தான் முழுங்கினது சின்னவன்தான், அது வேற நாள். இது பெரியவ கத்திரிய எடுத்துத் தன் முடியத் தானே வெட்டிக்கிட்ட நாள். ஒரு பக்கம் மொட்டையா இருந்துச்சு, சமமா இருக்கட்டும்னு நான் மொத்தத்தையும் ஒட்ட வெட்டிட்டேன்.” ஆண் குழந்தை என்று அத்தை நினைக்க அந்த முடியே காரணம். இரண்டு கதையும் நடந்தவைதான். அத்தையின் கதையை நீக்கவில்லை. அவர் சொன்னது, சித்தி சொன்னது, 1985 என்று ஏன் முடிவு செய்தேன் என்ற காரணம், மூன்றும் குறிப்பில் இருக்கின்றன.

கதையைக் கோப்புக்குள் ஏற்றுவது

தனியாக ஒரு விரிதாளில் எழுதி வைத்தால் இரண்டு கணினி மாறியதும் படம் ஒரு பக்கம், கதை ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். அதனால் படக் கோப்புக்குள்ளேயே எழுத முடிவு செய்தேன். கோப்புக்குள் குறிப்பு எழுதும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் இதற்குப் போதும், இலவசம். அதில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். அது பிடிக்காதவர்களுக்கு டிஜிகாம் என்ற மென்பொருள் இருக்கிறது.

இங்கே தமிழுக்கு மட்டும் வருகிற ஒரு சிக்கலில் நன்றாக மாட்டினேன். ஏற்றிய கதைகளில் நீளமானவை பாதியில் அறுந்து நின்றன. காரணம், ஐபிடிசி என்ற பழைய வகைக் குறிப்புப் புலத்தின் எல்லை 2000 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், அதிலும் புள்ளி தனி, துணை எழுத்து தனி. ‘அத்தை’ என்ற சொல்லுக்கே 15 பைட் ஆகிவிடுகிறது. சுமார் எண்பது சொல்லில் இடம் தீர்ந்துவிடும். எக்ஸ்எம்பி என்ற புதிய வகைப் புலத்துக்கு அந்த எல்லை கிடையாது. இப்போது முழுக்கதையை எக்ஸ்எம்பியிலும், இரண்டு வரிச் சுருக்கத்தை ஐபிடிசியிலும் வைக்கிறேன். ஐபிடிசியில் எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று தனியாகச் சொல்லிவைக்கவும் வேண்டும், இல்லையென்றால் சில மென்பொருள்களில் குப்பை எழுத்தாகத் தெரியும்.

தேதியிலும் ஒரு முடிச்சு உண்டு. எக்ஸிஃப், அதாவது கேமராக்கள் படத்துக்குள் எழுதும் தகவல் பகுதி. அதன் தேதிப் புலத்துக்கு வருடம், மாதம், நாள், நேரம் எல்லாம் வேண்டும். நமக்குத் தெரிவதோ ‘1985 ஜூன்’. எக்ஸ்எம்பி தேதி 1985-06 என்பதை அப்படியே ஏற்கும். எக்ஸிஃபில் மாதத்தின் முதல் நாளைப் போட்டு, குறிப்பில் ‘நாள் தெரியாது’ என்று எழுதினேன். இதைச் செய்யாவிட்டால் படங்கள் ஸ்கேன் செய்த தேதியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

உறவினர்களுக்கு அனுப்பும்போது, செய்திச் செயலிகளில் சாதாரணப் படமாக அனுப்பினால் உள்ளே எழுதியதெல்லாம் உதிர்ந்துவிடுகிறது. ஆவணமாக அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினாலும் தகவல் பலகையைத் திறந்து படிப்பவர்கள் யாரும் இல்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. அதனால் படத்துக்குக் கீழே வெள்ளைப் பட்டை சேர்த்து, அதில் சுருக்கத்தை அச்சிட்ட ஜேபெக் நகல்களும் செய்தேன். பைத்தான் நிரல்மொழியில், படங்களைக் கையாளும் பில்லோ நூலகத்தைக் கொண்டு செய்தபோது கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன, ‘கே’ எல்லாம் உடைந்து வந்தது. ராக்ம் என்ற துணை நூலகம் நிறுவியிருந்தால்தான் தமிழ் எழுத்துகளை அது சரியாகக் கோக்கும். நிறுவியதும் சரியாகிவிட்டது. எல்லோரும் பார்ப்பது இந்த நகல்களைத்தான்.

ஆன செலவு, அடுத்த முறைக்கு

செலவு என்றால் முக்கியமாக நேரம்தான். ஸ்கேனர் தன் வேலையை ஒரு நிமிடத்தில் முடித்துவிடும். படத்தைப் பிரிப்பது, தூசி ஊதுவது, எண் போடுவது எல்லாம் சேர்ந்தால் படத்துக்குப் பத்து நிமிடம் போகிறது. கதை கேட்பதும் எழுதுவதும் அதைவிட அதிகம். பிரிண்டுகளின் டிஃப் மட்டும் 16 ஜிபி, நெகட்டிவ்கள் அதைவிடக் கூடுதல். மூன்று பிரதிகள் வைத்திருக்கிறேன், ஒன்று வேறு வீட்டில். பிரிண்டுகள் பாலிப்ரோப்பிலீன் உறைகளுக்குப் போயின. பிவிசி உறை வாடை அடிக்கும், ஒட்டும், வேண்டாம். எண்ணைப் படத்தின் பின்னால் எழுதாமல் உறைக்குள் வைக்கும் துண்டுச் சீட்டில் எழுதினேன். பால்பாயின்ட் அழுத்தம் முன்பக்கம் தெரியும், பிளாஸ்டிக் பூசிய தாளில் பென்சில் பிடிக்காது.

மறுபடி செய்வதென்றால் வரிசையைத் தலைகீழாக மாற்றுவேன். முதல் வாரம் கைபேசியில் பக்கங்களை எடுப்பது, உடனே குரல் பதிவு. நல்ல ஸ்கேனுக்கு அவசரமே இல்லை, அலமாரியில் இன்னும் பத்து வருடம் பிரிண்டுகள் அப்படியே இருக்கும். நெகட்டிவை இரண்டாவதாக எடுத்துக்கொண்டு, வரிசைப்படுத்திய சட்டகங்களோடு மறுபடி ஒருமுறை போய் உட்காருவேன். கதை கிடைத்த பிறகு எந்தப் படத்துக்கு 1200 டிபிஐ வேண்டும், எதற்கு 600 போதும் என்பதும் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே தரத்தில் செய்ததில் பாதி வீண் உழைப்பு.

கழுவாத ரோல் ஒன்று பெட்டி அடியில் கிடைத்தது. உறையில் சி-22 என்று இருக்கிறது, வண்ண ஃபிலிமைக் கழுவும் ஒரு பழைய முறையின் பெயர் அது. 1972-இல் சி-41 என்ற அடுத்த கழுவும் முறை வருவதற்கு முந்தையது. வண்ணத்தில் கழுவ இப்போது வழியில்லை, கறுப்பு வெள்ளை டெவலப்பரில் போட்டால் ஏதாவது வரலாம். இன்னும் தொடவில்லை.

நகல்களை எல்லோருக்கும் அனுப்பியதிலிருந்து திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இரவல் சைக்கிள் இரவலே இல்லை, வாங்கியதுதான் என்று அப்பா எழுதியிருக்கிறார். பழைய குறிப்பை அழிக்காமல், கீழே ‘திருத்தம்’ என்று போட்டு, சொன்னவர் பெயரையும் தேதியையும் சேர்த்து ஏற்றுகிறேன். அந்த சைக்கிள் படத்துக்கு மட்டும் இதுவரை நான்கு திருத்தம்.